சொல்வது நான், டாக்டர் நீயா?

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இந்த மலைக்கு வருகிற வெளியாட்களில் அதிகாரிகள் உண்டு, சுற்றுலா வருகிறவர்கள் உண்டு, ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் உண்டு. நான் கடைசி வகை. உங்களிடம் கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு, கீழே இறங்கிப் போய்விடுகிற வகை. இன்றைக்கு அந்தக் கேள்வி கேட்கும் வேலையைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு ஊரில் சாமை விதைப்பு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆயா மூன்று நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நான்காம் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "டாக்டருக்குப் படிக்கிறியாமே கண்ணு, முட்டி வலிக்கு ஒரு மாத்திரை குடேன்."

"நான் அந்த டாக்டர் இல்ல ஆயா" என்றேன்.

"அப்புறம் எந்த டாக்டரு?"

"உங்ககிட்டக் கேட்டதை எல்லாம் எழுதிக் குடுத்தா, பல்கலைக்கழகத்துல டாக்டர்னு பட்டம் தருவாங்க."

ஆயா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொல்றது நானு, டாக்டரு நீயா?"

திண்ணையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. டாக்டர் என்ற சொல்லைத் தேடிப் போனேன். தேடியதில் ஆயா கேட்டது சரியான கேள்வி என்று தெரிந்தது.

லத்தீனில் 'டோக்கேரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. கற்பித்தல் என்று பொருள். 'டாக்டர்' என்றால் கற்பிக்கிறவர், அவ்வளவுதான். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் பாடம் சொல்லித்தர உரிமை பெற்றவருக்கு அந்தப் பட்டம். மருத்துவம் படித்தவரைக் குறிக்கும் சொல்லாக அது பிற்பாடுதான் ஊருக்குள் பரவியது. ஆக, ஆயாவின் கணக்குப்படியும் லத்தீன் கணக்குப்படியும் அந்தத் திண்ணையில் டாக்டர் அவர்தான். நான் மாணவர்.

இதே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இன்னும் சில சொற்கள் வந்திருக்கின்றன. 'டாக்ட்ரின்': கற்பிக்கப்பட்டது, அதாவது கோட்பாடு. 'இன்டாக்ட்ரினேட்': முதலில் வெறுமனே கற்பித்தல் என்றுதான் பொருள்பட்டது, இப்போது கேள்வி கேட்க விடாமல் மண்டைக்குள் ஏற்றுவது. 'டாக்குமெண்ட்': பாடம், சான்று என்று இருந்தது, இன்று தாலுகா ஆபீசில் கேட்கிற காகிதம். 'டாசைல்': எளிதில் கற்கக்கூடியவர் என்று தொடங்கி, சொன்னபடி கேட்டு அடங்கி நடப்பவர் என்று ஆகிவிட்டது.

டாக்டரும் டாசைலும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒருவர் கற்பிக்கிற இடத்தில் இருக்கிறார்; இன்னொருவர் ஏற்று அடங்குகிற இடத்தில் இருக்கிறார். மொழி ஆய்வாளர்கள் இன்னும் பின்னால் போய், டோக்கேரே என்பதற்கே 'ஏற்கச் செய்தல்' என்ற அடிப்படைப் பொருள் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

'டீச்' என்ற சொல் வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் காட்டுதல் என்று பொருள். நம் மொழியிலும் செய்துகாட்டுவது, சொல்லிக்காட்டுவது, எடுத்துக்காட்டு என்று பேசுகிறோம் அல்லவா? ஏற்க வைப்பது ஒரு வகைக் கற்பித்தல். காட்டுவது இன்னொரு வகை. ஆயா எனக்கு மல்லியச் சாமைக்கும் திரிகுலச் சாமைக்கும் கட்டவெட்டிச் சாமைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் கதிரை வைத்துக் காட்டினார். ஏற்றுக்கொள் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

இந்தச் சொற்கள் இந்த மலைக்கு எப்போதோ வந்துவிட்டன. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சமயம் பரப்ப வந்தார்கள், வைத்தியம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். டாக்ட்ரின், டாக்டர், டீச்சர் என்ற மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன. 1929-இல் ஜெஸ்ஸி இங்கே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலைகளிலேயே வேலை செய்து 1974-இல் இறந்தார். 1914-இல் இந்த மலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டெடுத்த உலகறிந்த மருத்துவர் ஆனார். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கற்பிக்கிறவர் மேலே ஏறி வருவார், மலைக்காரர் உட்கார்ந்து கேட்பார் என்ற ஏற்பாடு அன்றைக்கே உண்டு. அதன்பின் வந்த அரசுத் திட்டமும் தொண்டு நிறுவனமும் என்னைப் போன்ற ஆய்வாளரும் அதை மாற்றவில்லை.

ஆங்கிலச் சொல்லை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நம் சொற்களை விட்டுவிட முடியாது. தமிழில் 'பண்டிதர்' என்றால் கற்றறிந்தவர். அதே சொல் நாட்டு வைத்தியரையும் குறிக்கும். அயோத்திதாசப் பண்டிதர் இரண்டுமாக இருந்தார்: தமிழறிஞர், சித்த மருத்துவர். 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகையில் சொற்களைப் பிரித்துப் பிரித்து, அவற்றுக்குள் சாதி எப்படி நுழைந்தது என்று காட்டியதுதான் அவருடைய போராட்ட முறை. இன்று நான் செய்வது அவர் போட்ட பாதையில் ஒரு சிறு நடை.

'பண்டிதர்' என்ற அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளும் நம் ஊர்களில் உண்டு. முடிதிருத்தும் சமூகத்தவரையும் பண்டிதர் என்பார்கள், மருத்துவர் என்பார்கள். காரணம் உண்டு. கட்டி அறுத்தவர்கள், புண் ஆற்றியவர்கள், எலும்பு கட்டியவர்கள் அவர்கள். அந்தச் சமூகத்துப் பெண்கள்தான் ஊருக்கெல்லாம் பேறு பார்த்த மருத்துவச்சிகள்.

இங்கிலாந்திலும் முடிதிருத்துவோரும் அறுவை செய்வோரும் 1540 முதல் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1745-இல் பிரிந்தார்கள். அங்கே அறுவை மருத்துவர்களை இன்றும் 'டாக்டர்' என்று அழைக்காமல் 'மிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். பட்டம் பெறாத அந்தக் காலத்தின் மிச்சம் அது. அங்கே அது இப்போது பெருமை. கத்தி பிடித்தவர் பிள்ளை என்று யாரும் அவர்களை ஒதுக்குவதில்லை. இங்கே என்ன நடந்தது? கல்லூரி வந்தது, பட்டம் வந்தது, டாக்டர் வந்தார். கையால் மருத்துவம் செய்தவரிடம் மிஞ்சியது கத்தரிக்கோலும் சாதிப் பெயரும். ஒருவர் பெயருக்குப் பின்னால் 'பண்டிதர்' என்று வந்தால் மரியாதை. இன்னொருவரை அதே சொல்லால் அழைத்தால் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். தொட்டு, ரத்தம் பார்த்து, செய்துகாட்டி வளர்த்த அறிவைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு, தொடாமல் ஓதியதை மட்டும் கல்வி என்று சாதி பெயர் வைத்தது.

அடுத்து, 'டிசிப்ளின்'. கற்பவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் மடாலயங்களில் துறவிகள் தங்களை அடித்துக்கொண்ட சாட்டைக்கும் அதே பெயர்தான். நம் பக்கம் 'சிட்சை' என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் கல்வி. தமிழில் தண்டனை என்றும் பொருள். மலையாளத்திலும் கன்னடத்திலும் மராத்தியிலும் அன்றாடப் பேச்சில் அதற்குத் தண்டனை என்றே பொருள். 2018-இல் ஒன்றிய அரசு 'சமக்ர சிக்‌ஷா' என்று பள்ளிக் கல்வித் திட்டத்துக்குப் பெயர் வைத்தது. கேரளத்தில் ஒருவர் அதை அப்படியே படித்தால் 'முழுமையான தண்டனை' என்றுதான் தோன்றும். கற்பித்தலையும் அடித்தலையும் ஒன்றாக நினைத்த சமூகங்கள் உலகம் முழுக்க இருந்திருக்கின்றன. இங்கே கூடுதலாக, யார் அடிப்பது, யார் அடிவாங்குவது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது.

விடுதிகளில் மலைப் பிள்ளைகளைப் பாராட்டுவதாக நினைத்து ஒன்று சொல்வார்கள்: "இந்தப் பசங்க ரொம்ப சாது, சொன்னா சொன்னபடி கேப்பாங்க." இது பாராட்டு இல்லை தோழர்களே. டாசைல் என்ற சொல்லின் தமிழாக்கம். கேள்வி கேட்காத பிள்ளையை நல்ல மாணவர் என்று சொல்கிற ஆசிரியர், அந்தப் பிள்ளையை ஒரு நாளும் டாக்டர் இடத்தில் வைத்துப் பார்க்கமாட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாதி நம்மைப் படிக்க விடவில்லை என்கிறோம். அது உண்மை. ஆனால் பாதி உண்மை. மனுதர்மத்தின் முதல் அத்தியாயத்தில் நான்கு வருணத்துக்கும் தொழில் பிரிக்கும் இடத்தைப் பாருங்கள். ஓதுவது பார்ப்பனர், சத்திரியர், வைசியர் மூவருக்கும் உண்டு. ஓதுவிப்பது பார்ப்பனருக்கு மட்டும். சூத்திரருக்கு ஏவல் மட்டும். அந்தக் கணக்குக்கு வெளியே வைக்கப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. ஆட்சி செய்கிறவனுக்கும் பணம் வைத்திருக்கிறவனுக்கும்கூடக் கற்க அனுமதி உண்டு, கற்பிக்க அனுமதி இல்லை. சாதி எல்லாவற்றையும்விடக் கெட்டியாகப் பூட்டி வைத்தது கற்பிக்கிற இடத்தை. ஏனென்றால் எது அறிவு, எது தீட்டு, யார் மேல், யார் கீழ் என்ற டாக்ட்ரினை எழுதுகிற இடம் அதுதான்.

அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுதர்மத்தை எரிக்க வைத்தார். அதே 1927-இல்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் அவருக்கு முறையாக வழங்கப்பட்டது. லண்டனில் இன்னொரு டாக்டர் பட்டத்தை 1923-இலேயே பெற்றுவிட்டார். நம் மக்கள் அவரை 'டாக்டர் அம்பேத்கர்' என்று அழுத்திச் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை. கற்பிக்கும் உரிமையை மறுத்த சமூகத்தில், கற்பிக்கிறவர் என்ற பட்டத்தோடு வந்து நின்றவர் அவர்.

அவர் தந்த முழக்கம் மூன்று ஆங்கில வினைச்சொற்கள்: எஜுகேட், அஜிடேட், ஆர்கனைஸ். 1942-இல் நாக்பூர் மாநாட்டிலும் அதைத்தான் தம் இறுதி அறிவுரையாகச் சொன்னார். மராத்தியில் இதன் முதல் சொல்லை 'கற்றுக்கொள்' என்று சொல்கிறார்கள். இந்தியில் 'படித்தவராகு'. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? 'கற்பி.' பின் இரண்டு சொற்களின் வரிசையைச் சில நேரம் மாற்றிப் போட்டாலும், முதல் சொல்லைத் தமிழ் சரியாகப் பிடித்திருக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். 'படி' என்பது தன்வினை, என்னோடு முடிந்துவிடும். 'கற்பி' பிறவினை, எதிரில் இன்னொருவர் இருந்தால்தான் அந்தச் சொல் நிறைவேறும். சுவரில் எழுதுகிறோம், பனியனில் அச்சடிக்கிறோம். ஆனால் மனதுக்குள் 'படி, வேலைக்குப் போ' என்றே மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அவர் படி என்று சொல்லவில்லை. படித்த நீ கற்பி என்றார்.

இந்தப் பூட்டு பழைய கதை இல்லை என்பதற்கு ஒரு சான்று. 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழக ஆசிரியர் பணியில் இடஒதுக்கீட்டைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் கணக்கிடாமல் துறைவாரியாகக் கணக்கிட வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் யுஜிசி அதையே உத்தரவாக்கியது. பதின்மூன்று புள்ளி ரோஸ்டர் என்று பேர். கேட்பதற்குச் சின்ன நிர்வாக மாற்றம். வேலை செய்யும் விதம் இதுதான்: ஒரு துறையின் இடங்களை வரிசையாக எண்ணும்போது நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது பட்டியல் சாதியினருக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு. ஐந்தாறு பேராசிரியர்கள் மட்டுமே இருக்கிற துறையில் பதினான்காவது இடம் எப்போது வரும்? இந்த மலையிலிருந்து ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினாலும், கற்பிக்கிற நாற்காலி அவருக்கு வராதபடி ஒரு கணக்கு. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும், ஜூலையில் ஒன்றியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டமும் வந்து, நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்று ஆனது. போராடியதால் வந்த சட்டம். ஆனாலும் ஒதுக்கிய இடங்களை நிரப்பாமல் வைத்திருக்கும் பழக்கம் தொடர்கிறது. மாணவர் சேர்க்கையில் நம்மைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பேராசிரியர் நாற்காலியில் நம்மைப் பார்க்க இன்னும் மனம் வரவில்லை.

அங்கே போவதற்கு முன்னால் கடக்க வேண்டியது டாக்குமெண்ட். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே சுமார் 54. இந்த இடைவெளிக்குப் பல காரணம் உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர், பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும் என்று இருக்கிறது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனாலும், பழைய சேலத்துக்குள் இருந்ததால் கொல்லிமலை பட்டியலுக்குள் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி மக்கள் பட்டியலில் இல்லை. அதே மக்கள், அதே பெயர். மாவட்டக் கோடு வேறு. அங்கே பிள்ளைகளின் மேற்படிப்பு அந்தக் கோட்டில் நிற்கிறது. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியலில் இருக்கிற நமக்கும் கோட்டாட்சியர் அலுவலகம், விசாரணை, சரிபார்ப்பு என்று நடை. டாக்குமெண்ட் என்றால் பாடம் என்று சொன்னேன். இங்கே அந்தப் பாடம் தலைகீழாக நடக்கிறது. 'நான் யார்' என்பதை மலைக்காரர் சொன்னால் சான்று ஆகாது. மலையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனவர் எழுதினால் சான்று.

அங்கேதான் என் வேலையும் வருகிறது. ஆய்வேட்டில் உங்களைக் குறிக்க ஒரு சொல் உண்டு: 'இன்ஃபார்மண்ட்'. தமிழில் தகவலாளி. தகவலாளி 1, தகவலாளி 2 என்று எண் போடுவோம். 'இன்ஃபார்ம்' என்ற சொல்லுக்கும் பழைய ஆங்கிலப் பொருள், மனத்துக்கு உருவம் கொடுத்தல், கற்பித்தல். அந்தச் சொல் தேய்ந்து தகவல் சொல்கிறவர் என்று ஆயிற்று. போலீசுக்குத் துப்புக் கொடுப்பவருக்கும் அதே பெயர்தான்.

என் வரைவில் நான் ஆயாவை 'ஆசிரியர்' என்று எழுதினேன். ஒரு மதிப்பாய்வுக் கூட்டத்தில் அதை அடித்துவிட்டு, தகவலாளி என்று மாற்றச் சொன்னார்கள். அது உணர்ச்சிவசப்பட்ட நடை என்றார்கள். மூன்று நாள் பாடம் எடுத்தவரை ஆசிரியர் என்று எழுதுவது எப்படி உணர்ச்சிவசப்படுவது ஆகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நான் மாற்றவில்லை. இறுதி வடிவத்தில் இன்னொரு முறை இதற்காக வாதாட வேண்டியிருக்கும். பட்டம் தள்ளிப்போகலாம். பரவாயில்லை.

பெயரை மறைப்பதில் நியாயம் இருக்கும் இடமும் உண்டு. அதிகாரியைப் பற்றியோ சான்றிதழ் பற்றியோ பேசியவருக்குப் பாதிப்பு வரக்கூடாது. அங்கே மறைக்கத்தான் வேண்டும். ஆனால் விதையைப் பற்றிக் கற்பித்தவரை, அவர் விரும்பும்போதும், எண்ணாக மாற்றுவது பாதுகாப்பு இல்லை. பண்டிதரிடமிருந்து மருத்துவத்தை எடுத்துக்கொண்டு கத்தரிக்கோலை மட்டும் விட்டுவைத்த அதே வேலை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சொல்லின் வேரைத் தோண்டினால் உண்மை முழுவதும் கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிறப்பை வைத்து மனிதரை முடிவு செய்யக்கூடாது என்கிற நாம், பிறப்பை வைத்துச் சொல்லையும் முடிவு செய்யக்கூடாது. டாக்டர் என்ற சொல் மருத்துவரிடம் போனது தவறில்லை. டாசைல் என்ற சொல் அடிமைத்தனத்தில் போய் நின்றதும் விதி இல்லை. மனிதர்கள் புழங்கியதால் மாறின. நாம் வேறு மாதிரி புழங்கினால் மறுபடியும் மாறும்.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, இங்கே கல்லூரி வரை போனவர்கள், விண்ணப்பம் நிரப்புவதையும் சான்றிதழுக்கு மனு எழுதுவதையும் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அது உதவி இல்லை, கற்பித்தல். இரண்டு, மரவள்ளி போட்டு சேகோ ஆலைக்கு அனுப்பத் தொடங்கியபின் சாமை வயல் சுருங்கிவிட்டது. அதைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே உங்கள் கையால் எழுதுங்கள், அவர்கள் பெயரை ஆசிரியர் என்று போட்டு. மூன்று, என்னைப் போல யார் வந்து கேட்டாலும், "எழுதியதைத் தமிழில் கொண்டுவந்து எங்களுக்குப் படித்துக்காட்டுவாயா?" என்று முதலில் கேளுங்கள். காட்டமாட்டேன் என்றால் அனுப்பிவிடுங்கள். நான் கொண்டுவருவேன் என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் முன்னாலும் சொல்கிறேன்.

ஆயாவின் முட்டி வலிக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் அவர் கேள்விக்குப் பதில் உண்டு. சொன்னது அவர், டாக்டரும் அவர்தான். நான் அவரிடம் கற்றுக்கொண்டவர். கற்றதை மற்றவருக்குக் கற்பித்தால்தான் எனக்கு அந்தப் பட்டம் பொருந்தும்.

கற்பிப்போம். ஜெய்பீம்.